வாக்கிங் போகிறீர்கள், மூச்சு வாங்குகிறதா?

வேலூர்க் கோட்டை அகழி ஓரமாக விடிகாலையில் நடக்கிறவர்களைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கும். கூடவே ஒரு வருத்தமும் வரும். பலர் மனை விலை, மகள் கல்யாணம் என்று பேசிக்கொண்டே உலாத்துகிறார்கள். சும்மா உட்கார்ந்திருப்பதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் ஏரோபிக் பயிற்சி என்று அதைக் கணக்கில் வைப்பதுதான் முதல் தவறு.

ஏரோபிக் என்றால் பெரிய தசைகள் தொடர்ந்து இயங்க வேண்டும், அவற்றுக்கு ஆக்சிஜன் சேர்க்க இதயமும் நுரையீரலும் வேகம் பிடிக்க வேண்டும். வேக நடை, சைக்கிள், நீச்சல், ஸ்கிப்பிங் எதுவானாலும் சரி. சில மாதம் விடாமல் செய்தால், ஒரு துடிப்பில் இதயம் தள்ளும் ரத்தம் கூடும். அதனால்தான் ஓய்வாக இருக்கும்போது நாடித்துடிப்பு இறங்குகிறது, மாடிப்படி ஏறினாலும் இளைப்பதில்லை.

வேகம் போதுமா என்று பார்க்கக் கருவி வேண்டாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. 220-லிருந்து வயதைக் கழித்து, அதில் 50 முதல் 70 சதவீதம் என்று துடிப்பைக் கணக்கிடுவோரும் உண்டு. இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. பேச்சை வைத்துப் பார்ப்பதே நல்லது.

இதற்கு நேர்மாறான தவறு, முதல் நாளே ஓடுவது. மூன்றாம் நாள் முட்டி வலிக்கும், நான்காம் நாள் ஷூ பரணுக்குப் போய்விடும். பத்து நிமிடத்தில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அப்புறம் நம்ம ஊர் வெயில். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும்போது எட்டு மணிக்கு மேல் நடக்காதீர்கள். நிறைய வியர்க்கட்டும் என்று ஜெர்கின் போட்டு நடக்கிறவர்களும் இருக்கிறார்கள். வெளியே போவது தண்ணீர்தான், கொழுப்பு இல்லை.

வேகமாக நடந்துவிட்டுச் சட்டென்று நின்றால் ரத்தம் காலில் தேங்கித் தலை சுற்றும். கடைசி ஐந்து நிமிடம் மெல்ல நடங்கள். இன்சுலின் போடுகிறவர்கள், சர்க்கரை இறங்கினால் சாப்பிட, பையில் குளுக்கோஸ் வைத்திருங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். நடக்கும்போது நெஞ்சு அழுத்தி, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினால், கேஸ்தான் என்று சோடா குடித்துவிட்டு அடுத்த சுற்றுக்குக் கிளம்பாதீர்கள். அங்கேயே உட்கார்ந்து 108-ஐக் கூப்பிடுங்கள்.