நீங்கள் சீன நாய் ராசியா? சரியாகப் பார்ப்பது எப்படி

1982, 1994, 2006, 2018 இதில் பிறந்தவர்கள் எல்லாம் நாய் ராசி என்று ஒரு படம் அவ்வப்போது வாட்ஸ்அப்பில் சுற்றும். மார்ச்சிலோ அதற்கு அப்புறமோ பிறந்தவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஜனவரி, பிப்ரவரிக்காரர்கள் கொஞ்சம் நில்லுங்கள், உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. பிறந்த ஆண்டை 12-ஆல் வகுங்கள், மீதி 2 வந்தால் நாய். மீதி 4 என்றால் எலி, அங்கிருந்து எருது, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு என்று 11 வரை ஏறும். மீதியே இல்லையென்றால் குரங்கு, 1 சேவல், 3 பன்றி. வரிசையில் நாய்க்கு 11-வது இடம். இந்த வரிசைக்கு ஒரு கதை உண்டு: சீனப் புராணத்தில் வானுலக அரசரான ஜேட் பேரரசர் விலங்குகளுக்கு வைத்த பந்தயத்தில் ஆற்றைக் கடக்க வேண்டியிருந்தது, நாய்க்கு நன்றாகவே நீந்தத் தெரியும், ஆனால் தண்ணீரைக் கண்டதும் விளையாட இறங்கிவிட்டதாம். அதற்குப் பின்னால் வந்தது பன்றி மட்டும்தான்.

சிக்கல் எங்கே என்றால், சீன ஆண்டு ஜனவரி 1-இல் பிறப்பதில்லை. ஜனவரி கடைசிக்கும் பிப்ரவரி மூன்றாம் வாரத்துக்கும் நடுவில், சந்திரக் கணக்குப்படி ஒவ்வொரு வருடமும் வேறு வேறு நாளில் பிறக்கும். 1970-இல் பிப்ரவரி 6, 1982-இல் ஜனவரி 25, 1994-இல் பிப்ரவரி 10, 2006-இல் ஜனவரி 29, 2018-இல் பிப்ரவரி 16. அந்தத் தேதிக்கு முன்னால் பிறந்திருந்தால் ஆண்டிலிருந்து ஒன்றைக் கழித்துவிட்டு வகுங்கள். 1994 ஜனவரியில் பிறந்தவர் சேவல்தான், நாய் இல்லை. 1983 ஜனவரியில் பிறந்தவரோ, படம் என்ன சொன்னாலும், நாய்.

இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. ஜாதகம் கணிக்கும் சீன ஜோதிடர்கள் பலர் புத்தாண்டு நாளைப் பார்ப்பதில்லை, சூரியக் கணக்கில் பிப்ரவரி 4 வாக்கில் வரும் 'லி சுன்' நாளில்தான் ராசியை மாற்றுவார்கள். அதனால் 1994 பிப்ரவரி 7-இல் பிறந்தவரை ஊர் சேவல் என்னும், ஜோதிடர் நாய் என்பார். பேச்சுக்கு என்றால் புத்தாண்டுக் கணக்கே போதும் என்பது என் கட்சி.

அடுத்தது எந்த நாய் என்பது. ஆண்டின் கடைசி எண் 0 என்றால் உலோகம், 2 நீர், 4 மரம், 6 நெருப்பு, 8 மண் (ஒன்றைக் கழித்தவர்கள் கழித்த ஆண்டைத்தான் பார்க்க வேண்டும்). ஐந்து பூதம், பன்னிரண்டு விலங்கு, ஆக அறுபது ஆண்டுச் சுற்று, நம் பிரபவ, விபவ மாதிரியே. 1958 மே மாதம் பிறந்தவர் நம் கணக்கில் விளம்பி, அவர்கள் கணக்கில் மண் நாய், இரண்டுமே 2018-இல் திரும்பி வந்தன.

பொருத்தம் பார்க்க வட்டத்தை மனதில் வைத்தால் போதும். நாயிலிருந்து நாலு வீடு தள்ளி, ஒரு பக்கம் புலி, மறுபக்கம் குதிரை, இரண்டும் ஒத்துப்போகும். முயலும் தனிக் கணக்கில் நல்ல ஜோடி. நேர் எதிரே ஆறாவது வீட்டில் டிராகன், அதோடு ஆகாது. குணம் என்று விசுவாசம், நேர்மை, சும்மா கவலைப்படுவது என்றெல்லாம் சொல்வார்கள், அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, யாரைக் கேட்டாலும் தனக்குப் பொருந்துகிறது என்பார்கள். ராசியால் உண்மையில் ஆகிற வேலை வேறு: மலேசியா, சிங்கப்பூர்ப் பக்கம் சீன நண்பரிடம் வயதைக் கேட்கத் தயங்கினால் ராசியைக் கேளுங்கள், ஆளைப் பார்த்து மிச்சத்தைக் கணக்குப் போட்டுவிடலாம்.

கடைசியாக ஒன்று. சொந்த ராசியின் ஆண்டு வந்தால் அதிர்ஷ்டம் என்று நினைக்காதீர்கள், சீனர் வழக்கத்தில் அது கண்டம் உள்ள ஆண்டு. அதற்குப் பரிகாரம் சிவப்பு: இடுப்புக் கயிறு, சாக்ஸ், உள்ளாடை எதுவானாலும் சரி, ஆனால் நீங்களே வாங்கிக்கொள்வதைவிட வீட்டில் யாராவது வாங்கித் தருவதுதான் விசேஷம் என்பார்கள். அடுத்த நாய் ஆண்டு 2030 பிப்ரவரி 3-இல் பிறக்கிறது, உலோக நாய், எனவே 1970-காரர்கள் வீட்டில் இப்போதே சொல்லி வையுங்கள்.