ஆனிக் காற்றில் ராட்டினம் ஏறும் முன்னால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

ஆனித் தேரோட்டம் வந்தால் நெல்லை டவுனுக்குப் பொருட்காட்சியும் ராட்டினமும் கூடவே வந்துவிடும். செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் மேற்குக் காற்று நம்ம பக்கம் இறங்குவதும் அதே சமயத்தில்தான். முப்பந்தலிலும் கயத்தாறிலும் அத்தனை காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. ஆக, வருஷத்திலேயே காற்று பலமாக அடிக்கிற நாட்களில்தான் நாம் பிள்ளைகளை உயரத்தில் ஏற்றுகிறோம். ஏற்றவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை, டிக்கெட் எடுக்கும் முன் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

முதலில் காற்று. கீழே கடைகளும் தகரத் தடுப்பும் மறைப்பதால் உங்கள் முகத்தில் படுகிற காற்றை வைத்து மேலே எப்படி இருக்கும் என்று முடிவு செய்ய முடியாது. ராட்டினத்தின் உச்சியில் கட்டியிருக்கிற கொடியையோ சீரியல் பல்பு ஒயரையோ பாருங்கள், காலியான பெட்டி உச்சிக்குப் போகும்போது தானாக எவ்வளவு ஆடுகிறது என்றும் பாருங்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளுகிற விசை நாலு மடங்காகும், அதனால் 20 கிலோமீட்டரில் லேசாக ஆடிய பெட்டி 40-ல் லேசாக ஆடாது. கருவி எதுவும் வேண்டாம்: பெரிய மரக்கிளைகள் அசைந்து, ஒயர் விசிலடித்து, குடை பிடிக்க முடியாமல் போனால் காற்று மணிக்கு 40 கிலோமீட்டரை எட்டிவிட்டது என்று அர்த்தம். அன்றைக்குப் பிள்ளைக்கு அல்வா வாங்கிக் கொடுத்துக் கூட்டி வந்துவிடுங்கள்.

சித்திரையிலும் ஐப்பசியிலும் ஆபத்து வேறு மாதிரி. இடிமழை வருவதற்குச் சற்று முன்னால் குளிர்ந்த காற்று ஒன்று திடீரென்று வீசும், புழுதி கிளம்பும். அதைப் பார்த்த பிறகு ராட்டினத்தை நிறுத்துவது லேட். பதினாறு பெட்டி, ஒவ்வொன்றையும் நிறுத்தி இறக்க அரை நிமிஷம் என்று வைத்தாலே எட்டு நிமிஷம் ஆகும், கடைசியாக இறங்குபவர் அத்தனை நேரமும் இரும்புக்கு நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டும். எனவே இடிச்சத்தம் காதில் விழுந்தாலே ஏறாதீர்கள், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் போகட்டும்.

அப்புறம், யாருமே கவனிக்காத விஷயம், ஆள் ஏற்றுகிற முறை. நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். ராட்டினம் சமமாக இருந்தால் மோட்டாருக்கு வேலை குறைவு, ஒரு பக்கம் மட்டும் கனத்தால் அந்தப் பக்கம் கீழே வரத்தான் பார்க்கும், அதைப் பிடித்து நிறுத்துவது பிரேக்கின் பொறுப்பாகிவிடும். பல ராட்டினங்களில் ரப்பர் டயர்தான் வளையத்தை உரசிச் சுற்றுகிறது, சாரலில் அது நனைந்தால் பிடிமானம் குறையும். ஒரு கால் பெட்டியிலும் ஒரு கால் மேடையிலும் இருக்கும்போது சக்கரம் ஒரு அடி நகர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

நல்ல ஆபரேட்டர் வரிசையாக நிரப்ப மாட்டார். முதல் பெட்டியில் ஏற்றினால் அரைச் சுற்று விட்டு நேர் எதிரே உள்ள ஒன்பதாவதில் ஏற்றுவார், பிறகு ஐந்து, பதின்மூன்று. ஏற்றுகிற பையன் பெட்டியை இடுப்பால் அணைத்து நிறுத்திக்கொண்டு கொண்டியை மாட்டுவான், மாட்டியதும் ஒருமுறை வெளியே இழுத்துப் பார்ப்பான். அந்த இழுப்பு இல்லை என்றால் நீங்களே இழுத்துப் பாருங்கள். கூட்டம் நெருக்குகிறது என்று நாலு பெட்டியை அடுத்தடுத்து அடைத்தால், “அண்ணாச்சி, எதிர்ப்பக்கம் ஆள் ஏத்தலையா?” என்று கேட்க வெட்கப்படாதீர்கள். 1893-ல் சிகாகோவில் நின்ற முதல் பெரிய சக்கரத்தில் 36 பெட்டி, பெட்டிக்கு 60 பேர். ஆள் ஏறி இறங்குவதற்கென்றே முதல் சுற்றில் ஆறு இடத்தில் நிறுத்தி, அடுத்த சுற்றைத்தான் நிற்காமல் விட்டார்கள்.

மழைக்கு மறுநாள் வானம் தெளிந்திருந்தாலும் ராட்டினத்தின் கால் ஊன்றிய இடத்தைக் குனிந்து பாருங்கள். சங்கரன்கோவில், கோவில்பட்டி பக்கத்துக் கரிசல் மண் ஈரத்தில் ஊதும், காய்ந்தால் வெடிக்கும். அடியில் கொடுத்த மரக்கட்டை ஒரு பக்கம் புதைந்திருந்தால் திரும்பிவிடுங்கள்.

மேலே இருக்கும்போது காற்று பிடித்துக்கொண்டால் நடுவில் சேர்ந்து உட்காருங்கள், பெட்டியை ஆட்டாதீர்கள், கொண்டியைத் தொடாதீர்கள். உங்கள் பெட்டி கீழே வந்தும் நிறுத்தாமல் மறுபடி மேலே போனால் ஆபரேட்டரைத் திட்ட வேண்டாம். இறக்கும்போதும் எதிரெதிராகத்தான் இறக்க வேண்டும், அடுத்து உங்கள் முறை வரும்.