டியூப் லைட்டை எல்இடியாக மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் 15-இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் மண்டபம், பாம்பன் பக்கத்து மீன் வாடிகளில் (கடலோர மீன் கொட்டகைகளில்) மராமத்து வேலைகள் மும்முரமாக நடக்கும். அப்படி ஒரு வாடியில், மின்வேலைக்குப் புதிதாக வந்த இரண்டு தம்பிகள் பழைய 40 வாட் டியூப்களைக் கழற்றிவிட்டு 20 வாட் எல்இடி டியூப்களை மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு காலத்தில் நான் செய்த தவறுகளை அவர்கள் வரிசை மாறாமல் செய்வதைக் கண்டு மனம் கேட்காமல்தான் இதை எழுதுகிறேன். மெயினை அணைப்பது, டெஸ்டர் வைத்துப் பார்ப்பது போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

எலக்ட்ரானிக் சோக்கைக் கழற்றாமல் விடுவது

சோக் என்பது பழைய டியூப்புக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கருவி. அது இல்லாமல் நேரடியாக இணைப்பதற்கான எல்இடி டியூப் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை எதிர்பார்க்கிறது. எலக்ட்ரானிக் சோக் அதைப் பல ஆயிரம் ஹெர்ட்ஸாக மாற்றி அனுப்புவதால், டியூப்பினுள் எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் கருகிவிடும்.

எந்த முனையில் மின்சாரம் என்று குறிக்காமல் விடுவது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு என் மீதே கோபம் வருகிறது. எல்இடி டியூப்பில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையில் பேஸ் (மின்சாரம் வரும் வயர்), நியூட்ரல் (அது திரும்பும் வயர்) இரண்டும் ஒரே முனையின் இரு பின்களுக்கு வர வேண்டும். மற்றதில் ஒரு முனைக்குப் பேஸும் மறுமுனைக்கு நியூட்ரலும் வர வேண்டும். முதல் வகை டியூப்கள் பலவற்றில் மின்சாரம் வேண்டாத முனையின் இரு பின்களும் உள்ளுக்குள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்கும். பார்வைக்கு இரு முனைகளும் ஒன்றுபோலவே இருப்பதால், டியூப்பைத் திருப்பி மாட்டிவிட்டால் பேஸும் நியூட்ரலும் அந்த இணைப்பின் வழியாக நேரடியாகச் சந்தித்து ஷார்ட் ஆகிவிடும்.

ஓர் இறால் வாடியில் பன்னிரண்டு பிட்டிங்குகளை (டியூப் மாட்டும் சட்டங்களை) ஒருமுனை வகைக்கு மாற்றி, எதையும் எழுதிவைக்காமல் வந்துவிட்டேன். சில மாதங்களில் உப்புக் காற்றின் பிசுபிசுப்பு படிந்து வெளிச்சம் மங்கியதால், அங்கு வேலை செய்த அக்கா ஒருவர் டியூப்பைக் கழற்றித் துடைத்து, முனை மாற்றி மாட்டிவிட்டார். அதோடு, ஃபியூஸ் கட்டையில் உரிய கம்பிக்குப் பதிலாக வயரின் செம்பு இழைகளை முறுக்கிப் போட்டிருந்தார்கள். அது உருகாததால் ஹோல்டர் எரிந்து, வயர் போர்டு வரை கருகி, அதே லைனில் இருந்த ஃபிரீசர் இரவு முழுவதும் நின்று, உள்ளே இருந்த இறால் கெட்டுப்போனது. வாடிக்காரர் என்னைத் திட்டவில்லை. “கழட்டித் தொடைச்சா தெச மாத்தி மாட்டக் கூடாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே தம்பி” என்று மட்டும் கேட்டார். இறாலின் விலையில் ஒரு பகுதியை நான்தான் கொடுத்தேன்.

கடலோரத்தில் விளக்குகளை அடிக்கடி கழற்றித் துடைக்க வேண்டியிருக்கிறது. ஆகவே இங்கே இருமுனை வகையையே பொருத்துங்கள். அதைத் திருப்பி மாட்டினாலும் எரியும். ஒருமுனை வகையைத்தான் போட்டாக வேண்டுமென்றால், மின்சாரம் வரும் ஹோல்டரிலும் டியூப்பின் அதே முனையிலும் சிவப்புப் பெயின்டால் பொட்டு வையுங்கள், ஏனெனில் ஸ்டிக்கர் உப்புக் காற்றில் உரிந்துவிடும். ஒரே கூடத்தில் இரு வகைகளையும் கலக்கவே கூடாது. மாற்றிய பிட்டிங்கின் மேல் “எல்இடி மட்டும்” என்று எழுதுங்கள். ஒருமுனை வகைக்கு மாற்றியதில் யாராவது பழைய டியூப்பை மாட்டினால் அதன் இழையில் முழு 230 வோல்ட்டும் பாய்ந்துவிடும்.

நியூட்ரலில் சுவிட்ச்

அணைத்த பிறகும் டியூப் மங்கலாக மினுங்கினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். சுவிட்சைப் பேஸுக்கு மாற்றுங்கள்.

பச்சைக் களிம்பு ஏறிய ஹோல்டர்

சுரண்டாதீர்கள், மாற்றுங்கள்.

பழைய டியூப்களைக் கடற்கரையில் உடைப்பது

ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. அட்டைப் பெட்டியில் முழுதாக வைத்து, மின்னணுக் கழிவு சேகரிப்பவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.