ஸ்டீவ் ஜாப்ஸின் நான்கு கட்டங்கள்: எதை நிறுத்துவது, எப்படி நிறுத்துவது

1997-ல் ஸ்டீவ் ஜாப்ஸ் மறுபடி பொறுப்புக்கு வந்தபோது, அந்த நிதியாண்டில் மட்டும் ஆப்பிளின் நஷ்டம் 104 கோடி டாலர். விற்பனையில் இருந்தவை 15 கணினித் தளங்கள், ஒவ்வொன்றிலும் ஏகப்பட்ட மாடல்கள். 4400, 6500, 7300, 8600, 9600 என்று எண்களே பெயர்கள். நண்பர்களுக்கு எதைச் சிபாரிசு செய்வது என்று மூன்று வாரம் பார்த்தும் பிடிபடவில்லை என்று அவரே 1998 டெவலப்பர் மாநாட்டில் சொன்னார். அவற்றை வெட்டி, பலகையில் நான்கு கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு பொருள் என்று குறைத்தார். 1998 நிதியாண்டு சுமார் 31 கோடி டாலர் லாபத்தில் முடிந்தது.

அவரிடமிருந்து பலர் எடுத்துக்கொள்வது கறுப்புச் சட்டையையும் முன்கோபத்தையும். இரண்டாலும் பயனில்லை. அவர் செய்த கழித்தலை மட்டும் ஐந்து பேர் குழுவில்கூட அப்படியே செய்யலாம்.

முதலில் பட்டியல்

ஒரு ஷீட்டில் நான்கு பத்திகள் போதும்: பொருள், யாருக்கு, பக்கத்து வரிசையில் இருப்பதிலிருந்து என்ன வித்தியாசம், பொறுப்பாளர். விற்பவற்றை மட்டும் எழுதி நிறுத்திவிடக் கூடாது. ஒரே ஒரு வாடிக்கையாளருக்காகச் செய்த தனிப் பதிப்பு, பாதியில் நிற்கும் சோதனை, உள்ளுக்குள் பயன்படுத்தும் கருவி, "பராமரிப்பு மட்டும்தான், பெரிய வேலை இல்லை" என்று சொல்லப்படுபவை எல்லாம் உள்ளே வர வேண்டும். நேரத்தைத் தின்பவை பெரும்பாலும் இந்தக் கடைசி வகைதான்.

காரணம் பெருக்கல். 4 திட்டங்கள், 3 தளங்கள், 2 கட்டண முறைகள் என்றால் ஒரு சின்ன மாற்றத்தைக்கூட 24 சேர்க்கைகளில் சோதிக்க வேண்டும். ஒரு திட்டத்தை எடுத்தால் 18 ஆகிவிடும். மூன்றாம் பத்தியில் பதில் எழுதவே திணறுகிற வரிசைகளுக்குக் கோடிட்டு வையுங்கள். வெட்டுக்கு முதலில் வருபவை அவைதான்.

கட்டம் போடுவது

ஜாப்ஸ் வெள்ளைப் பலகையில் போட்டது இரண்டு கோடுகள். ஒரு பக்கம் வீட்டுப் பயனர், தொழில்முறைப் பயனர். மறுபக்கம் மேசைக் கணினி, மடிக்கணினி. கட்டத்துக்கு ஒரே ஒரு பொருள். பவர் மேக் ஜி3 மேசைக் கணினி, பவர்புக் ஜி3 மடிக்கணினி இரண்டும் தொழில்முறைக் கட்டங்களில் உட்கார்ந்தன. வீட்டு மேசைக் கணினியான ஐமேக் 1998 ஆகஸ்டில் கடைக்கு வந்தது. நான்காவது கட்டத்துக்கான ஐபுக் மடிக்கணினி 1999 ஜூலையில்தான் அறிமுகமானது. அதுவரை அந்தக் கட்டம் காலியாகவே கிடந்தது. அதை நிரப்புவதற்காகப் பழைய பெட்டி ஒன்றைத் தூக்கி வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கோடுகள் வாங்குபவரைப் பற்றியவையாக இருக்க வேண்டும். "மலிவு, விலை உயர்ந்தது" என்று பிரித்தால் எல்லாமே ஏதோ ஒரு கட்டத்தில் ஒட்டிக்கொள்ளும், எதுவும் வெளியே போகாது. உங்கள் துறைகளின் பெயரால் பிரிப்பது அதைவிட மோசம். ஒவ்வொரு துறைத் தலைவரும் தன் கட்டத்தைக் காக்க நிற்பார். சோதித்துப் பார்க்க எளிய வழி: வெளியாள் ஒருவரிடம் பலகையைக் காட்டுங்கள். தன் கட்டத்தை உடனே தொட்டுக் காட்டத் தெரியாவிட்டால் கோடுகளை அழித்து மறுபடி போட வேண்டும்.

பொருள் எதுவும் விற்காத குழு என்றால் கட்டத்துக்குப் பதில் வரிசை. ஆப்பிளில் நூறு முக்கியமான ஆட்களோடு நடந்த வெளியூர்க் கூட்டங்களில், அடுத்துச் செய்ய வேண்டிய பத்தைத் தேர்ந்தெடுத்துப் பலகையில் எழுதுவார்கள். கீழே உள்ள ஏழு யோசனைகளை ஜாப்ஸ் அடித்துவிடுவார். அந்த ஏழும் நல்ல யோசனைகளே. வலிக்காமல் அடிக்க முடிந்தால், நீங்கள் இன்னும் வெட்டவே தொடங்கவில்லை.

நிறுத்தும் விதம்

இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். "தற்காலிகமாக ஒத்திவைப்போம்" என்ற வார்த்தை வந்துவிட்டால் அந்தத் திட்டம் சாகவும் சாகாது, வாழவும் வாழாது. நான்கு விஷயங்களைத் தேதியோடு எழுதுங்கள்: கடைசி விற்பனை, ஆதரவு முடியும் நாள், வாடிக்கையாளர் தன் தரவை வெளியே எடுக்கும் வழி, அதில் வேலை செய்தவர்கள் போகும் இடம். குழுவுக்கும் வாடிக்கையாளருக்கும் ஒரே நாளில், குழுவுக்குச் சில மணி நேரம் முன்னதாகச் சொல்லுங்கள். 30 நாளில் சர்வரும் பட்ஜெட் ஒதுக்கீடும் மூடப்படவில்லை என்றால் அது நிறுத்தப்படவில்லை என்றே கணக்கு.

ஆப்பிளின் நியூட்டன் கையடக்கக் கருவிக்கு உயிரைக் கொடுக்கும் பயனர்கள் இருந்தார்கள். இருந்தும் 1998 பிப்ரவரியில் அதை நிறுத்துவதாக அறிவித்தார்கள். அப்படிச் செய்யும்போது திட்டு விழும். 1997 மே மாதம் டெவலப்பர் மாநாட்டில், கைவிடப்பட்ட ஓப்பன்டாக் என்ற ஆவண மென்பொருள் தொழில்நுட்பத்துக்காக ஒருவர் ஜாப்ஸை எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்திக் கேள்வி கேட்டார். ஜாப்ஸ் உடனே பாயவில்லை. சற்று மௌனம். பிறகு கேட்டவர் சொன்னதில் நியாயம் இருப்பதை ஒப்புக்கொண்டார். வாடிக்கையாளரின் அனுபவத்தில் தொடங்கித் தொழில்நுட்பத்துக்கு வர வேண்டும், தலைகீழாகப் போக முடியாது என்று விளக்கினார். பதில் சொல்ல இந்த வரிசையே போதும்: இடைவெளி, ஒப்புதல், காரணம். நிறுத்தியதை மட்டம் தட்டிப் பேசாதீர்கள். அதைக் கட்டியவர்கள் உங்களோடுதான் இருக்கப் போகிறார்கள்.

பணம்

வெட்டினால் வரவு முதலில் குறையும், செலவு மெதுவாகத்தான் குறையும். ஆப்பிளின் விற்பனை 1997 நிதியாண்டில் சுமார் 710 கோடி டாலராக இருந்து, லாபம் வந்த 1998-ல் 590 கோடியாக இறங்கியது. இடையில் தாங்கிப் பிடித்தவற்றில் ஒன்று, 1997 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் போட்ட 15 கோடி டாலர் முதலீடு. அதோடு மேக்குக்கு ஐந்து ஆண்டு ஆஃபிஸ் மென்பொருள் தருவதாக உறுதியும் கிடைத்தது. எனவே பட்டியலில் கோடிட்ட ஒவ்வொன்றும் இப்போது தரும் வருமானத்தைக் கூட்டி, அது முழுதாகப் போனாலும் இரண்டு காலாண்டு சம்பளம் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் வெட்டை இரண்டு தவணையாகப் பிரிக்கலாம். மூன்றாகப் பிரிக்க வேண்டாம், அடுத்தது யார் தலை என்ற பயத்திலேயே வேலை நின்றுவிடும்.

மிஞ்சியதற்கு ஒரு பெயர்

ஆப்பிளில் ஒவ்வொரு வேலைக்கும் நேரடிப் பொறுப்பாளர் ஒருவர் உண்டு. கூட்டக் குறிப்பில் வேலைக்கு எதிரே அவர் பெயர் இருக்கும். அங்கே "மார்க்கெட்டிங் குழு" என்று எழுதினால் யாரும் செய்யமாட்டார்கள். இரண்டு பெயர் எழுதினால் ஒருவர் மற்றவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். திங்கள்தோறும் நிர்வாகக் குழு உட்கார்ந்து கையில் உள்ள அத்தனையையும் பார்ப்பது வழக்கம். பொருட்கள் குறைவாக இருந்ததால்தான் அது சாத்தியமானது.

கட்டம் போட்டவரே அதை மீறவும் செய்வார். 2000 ஜூலையில் வந்த ஜி4 கியூப் மேசைக் கணினி பார்க்க அழகு, விலை 1,799 டாலர், மானிட்டர் தனி. விரிவாக்க வசதி அதிகமுள்ள பவர் மேக் ஜி4 1,599 டாலரிலேயே கிடைத்தது. வீட்டுக்காரருக்கும் ஒட்டவில்லை, தொழில்முறைக்காரருக்கும் ஒட்டவில்லை. ஓராண்டில் உற்பத்தி நின்றது. ஆகவே தலைவர் கொண்டுவரும் யோசனைக்கும் அதே படிவம்தான்: எந்தக் கட்டம், அங்கிருந்து எது வெளியே போகிறது, யார் பெயர். ஒன்று காலியாக இருந்தாலும் திருப்பி அனுப்புங்கள்.