உள்ளரங்கக் கபடியும் ஷட்டிலும்: பிளாஷ் இல்லாமல் படமெடுக்க

பாளையங்கோட்டைப் பக்கம் உள்ளரங்கப் போட்டிகளுக்குக் கேமராவோடு வரும் தம்பிகள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணாச்சி, ஐஎஸ்ஓ எவ்வளவு வைக்கணும்?" என்றுதான். ஐஎஸ்ஓ என்பது கிடைத்த வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்கிற எண். அதைக் கடைசியில் பாருங்கள். முதலில் ஷட்டர் வேகம்.

பிளாஷ் வேண்டவே வேண்டாம். ஷட்டில் ஆடுகிறவர் அண்ணாந்து பார்க்கிற நேரத்தில் கண்ணில் வெளிச்சம் வெட்டினால் அவருடைய பாயின்ட் போய்விடும். இருட்டில் ஃபோகஸுக்காக எரியும் சின்ன விளக்கையும் மெனுவில் அணைத்துவிடுங்கள்.

கபடிக்கு 1/500 விநாடி, ஷட்டில் ஸ்மாஷுக்கு 1/1000 விநாடி. இதற்குக் கீழே போனால் கைகால் கலங்கும். அப்புறம் லென்ஸின் வாயை நன்றாகத் திறந்து வையுங்கள். எஃப் எண் குறையக் குறைய வாய் பெரிதாகும், வெளிச்சம் கூடும். கேமராவோடு வரும் 18-55 லென்ஸ் 55-இல் எஃப் 5.6 வரைதான் திறக்கும். அதில் ஐஎஸ்ஓ 12800 கேட்கிற வெளிச்சத்தில், எஃப் 1.8 லென்ஸுக்குச் சுமார் 1250 போதும். புது கேமராவுக்குக் காசு சேர்ப்பதை விட்டுவிட்டு ஒரு 50 எம்எம் எஃப் 1.8 வாங்குங்கள். ஆண்கள் கபடிக் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். ஓரத்தில் உட்கார்ந்தால் 50 சரியாக இருக்கும், எதிர்மூலையில் இருக்கிற முகத்துக்கு 85 வேண்டும்.

இப்போது ஐஎஸ்ஓ. 3200, 6400 என்று ஏறினால் பயப்படாதீர்கள். புள்ளி புள்ளியாக வந்தாலும் ஆடினவன் முகம் அவன் முகமாகவே இருக்கும். கலங்கின முகத்தைக் கம்ப்யூட்டரில் திருத்தப் போனால் வேறு யாரோ மாதிரி ஆகிவிடும். ஐஎஸ்ஓவைக் குறைத்து இருட்டாக எடுத்துப் பிறகு கம்ப்யூட்டரில் வெளிச்சம் கூட்டினால் பல கேமராக்களில் புள்ளிகள் இன்னும் மோசமாகும்.

கேமராவை மேனுவலில் வையுங்கள், எல்லா அளவையும் நீங்களே அமைக்கலாம். கறுத்த சுவரும் வெள்ளை பனியனும் கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரை ஏமாற்றும். களத்தின் நடுவிலும் மூலையிலும் முகத்தை வைத்து வெளிச்சம் பாருங்கள். குற்றாலச் சாரல் காலத்தில் தென்காசிப் பக்கத்து அரங்குகளில் ஜன்னல் வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். அங்கே மட்டும் ஆட்டோ ஐஎஸ்ஓ போட்டு, 6400-ஐ உச்சவரம்பாக வைத்துவிடுவேன்.

அடுத்தடுத்துப் படபடவென எடுத்த படங்களில் ஒன்று மஞ்சளாகவும் அடுத்தது வெளுத்தும் வருகிறதா? கேமராவில் கோளாறு இல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் டியூப் லைட்டும் சில எல்.இ.டி. விளக்குகளும் விநாடிக்கு 100 முறை மங்கி எரியும், வேகமான ஷட்டர் அதில் ஒரு துண்டை மட்டும் பிடிக்கும். ஆன்டி ஃபிளிக்கர் வசதி இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் நாலைந்து படமாகத் தொடர்ந்து எடுத்து நல்லதைப் பொறுக்குங்கள். எலக்ட்ரானிக் ஷட்டரில் படத்தில் பட்டை பட்டையாக விழும், மெக்கானிக்கலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கபடியில் பாடிப் போகிறவர் குனிந்தே போவார். கூரை விளக்கு முதுகில் விழும், முகம் இருட்டாகிவிடும். அதனால் நின்றுகொண்டு எடுக்காதீர்கள். தரையில் சம்மணம் போட்டு உட்காருங்கள். களத்தில் விரித்திருக்கும் மேட் விரிப்பில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் அவர் தாடையிலும் கண்ணிலும் கொஞ்சம் ஏறும், தாழ்ந்த கோணத்தில் அது தெரியும். போனஸ் கோட்டுக்கு அப்பால் ஒரு கால், மறுகால் அந்தரத்தில் என்று நிற்கிற நொடியில் உடம்பு கிட்டத்தட்ட அசையாது. குறைந்த வெளிச்சத்தில் அதுதான் நமக்குக் கிடைக்கிற சலுகை. அடுத்தது, காலைப் பிடித்தவர்களை இழுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்குக் கை நீட்டுகிற நேரம். அப்போதுதான் தலை நிமிரும், பல்லைக் கடித்திருப்பது தெரியும். நடுவரிடம் கேட்டுவிட்டு, ஒரு அணியின் பக்கத்து மூலையில் உட்காருங்கள். ஒன்றுவிட்டு ஒரு ரெய்டுக்கு, அதாவது எதிரணி பாடி வரும்போதெல்லாம், பாடுகிறவர் முகம் உங்களை நோக்கி வரும்.

ஷட்டிலில் இவ்வளவு சிரமம் இல்லை. ஸ்மாஷுக்கு எம்புகிறவர் முகம் மேலே பார்ப்பதால் வெளிச்சம் தானாகவே விழும். எம்பின உச்சியில் அமுக்குங்கள்.

ஃபோகஸ், ஆள் நகர நகரக் கூடவே தொடரும் தொடர் ஃபோகஸில் இருக்கட்டும். கை குறுக்கே வராதபோது முகத்தில் வையுங்கள், மற்றபடி நெஞ்சில்.

ரா (RAW) ஃபைலாக எடுத்தால் நிறத்தைச் சரிசெய்வது எளிது. புள்ளிகளை முழுக்க வழிக்காதீர்கள், தோல் மெழுகு போலாகிவிடும். படத்தை அன்றைக்கு ராத்திரியே ஆடினவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அமுங்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் பிரிண்ட் போடுகிற அளவுக்குத் தெளிவாகப் போய்ச் சேரும்.