கேள்வித்தாளோடு முகாமுக்குப் போகிறவர்களுக்கு

2005 ஜனவரி. சுனாமி அடித்து மூன்று கிழமை. மட்டக்களப்பில் ஒரு பாடசாலை முகாமில் வினாக்கொத்தோடு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அப்போது 23 வயது. பெண்கள் மீதான வன்முறை பற்றிய கேள்விகள் கடைசிப் பக்கத்தில் இருந்தன. அங்கே வந்ததும் எதிரே இருந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "மகள், நேத்து வந்த பிள்ளைக்கும் இதத்தான் சொன்னன். முந்தநாள் வந்தவக்கும் சொன்னன். அவங்க எழுதினத நீங்க பாக்கல்லயா?"

நாங்கள் பார்க்கவில்லை. மூன்று நிறுவனங்கள், மூன்று தாள்கள். அவர் மூன்று தரம் அழுதிருக்கிறார், அவருக்கு யாரும் ஒன்றும் செய்யவில்லை. இன்றைக்கு நான் களத்துக்குப் போகும் புதிய பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். முதல் நாள் இந்த அம்மாவைப் பற்றித்தான் சொல்வேன். நீங்களும் அனர்த்தத்திலோ போரிலோ இடம்பெயர்ந்த மக்களிடம் பால்நிலை சார்ந்த வன்முறை பற்றி ஆய்வு செய்யப் போவதாக இருந்தால், கீழே எழுதியிருப்பதை ஒருமுறை வாசித்துவிட்டுப் போங்கள்.

முதலில் உங்கள் ஆய்வுக் கேள்வியை எடுத்து மேசையில் வையுங்கள். "இந்த முகாமில் வன்முறை நடக்கிறதா?" என்பதுதான் கேள்வி என்றால் அந்த ஆய்வு தேவையில்லை. ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 2005-இல் வெளியிட்டு 2015-இல் திருத்திய வழிகாட்டி இதைத் தெளிவாகவே சொல்கிறது: எந்த அவசரநிலையிலும் இந்த வன்முறை நடக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், ஆதாரம் வரட்டும் என்று காத்திருக்காமல் பாதுகாப்பு வேலையைத் தொடங்க வேண்டும். மலசலகூடத்துக்குக் கொளுக்கி போட எண்ணிக்கை எதற்கு? பதில் கிடைத்தால் எதையாவது மாற்ற முடிகிற கேள்வியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் பெண்கள் ஏன் அந்த மலசலகூடத்துக்குப் போவதில்லை, பாதிக்கப்பட்டவர் ஏன் மூன்று நாளுக்குள் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை, நிவாரணக் காசு யார் கையில் போய்ச் சேருகிறது. இப்படியான கேள்விகள்.

அப்புறம், ஏற்கெனவே எழுதப்பட்டதைத் தேடுங்கள். ஆஸ்பத்திரி, பொலிஸ் நிலையத்தின் பெண்கள் சிறுவர் பிரிவு, பிரதேச செயலகத்தில் இருக்கும் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், உள்ளூர்ப் பெண்கள் அமைப்புகள் எல்லோரிடமும் ஏதாவது இருக்கும். பெயர் இல்லாத மொத்தத் தொகையை மட்டும் கேளுங்கள், தனி ஆட்களின் கோவையைத் திறக்கச் சொல்லாதீர்கள். அந்த எண்களை வாசிக்கும்போது ஒரு கவனம் வேண்டும். அவை உதவி கேட்டு வந்தவர்களின் எண்கள் மட்டுமே. போன மாதம் 4, இந்த மாதம் 15 என்றால் வன்முறை கூடிவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். நல்ல தாதி ஒருவர் புதிதாக வந்திருக்கலாம், பஸ் திரும்ப ஓடத் தொடங்கியிருக்கலாம்.

சரி, கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று முடிவாகிவிட்டது. வினாக்கொத்தை அச்சிடும் முன் ஒரு வேலை இருக்கிறது. நான் பயிற்சியில் அதிக நேரம் நிற்பது இந்த இடத்தில்தான்.

அவசரநிலைகளில் பாலியல் வன்முறை பற்றி ஆய்வு செய்வோருக்கு உலக சுகாதார நிறுவனம் 2007-இல் எட்டுப் பரிந்துரைகளைத் தந்தது. அதில் ஒன்று, அடிப்படைப் பராமரிப்பும் ஆதரவும் அந்த இடத்திலேயே கிடைக்கும் நிலை இல்லாவிட்டால் எதையும் தொடங்காதே என்பது. தாளில் வாசித்தால் இது ஒரு வரி. களத்தில் இரண்டு நாள் வேலை. முகாம் வாசலில் இருந்து ஆஸ்பத்திரி வரை நீங்களே போய்ப் பாருங்கள், நிறுவன வாகனத்தில் இல்லாமல் பஸ்ஸில். எவ்வளவு நேரம், எவ்வளவு காசு? ஆஸ்பத்திரி வாசலில் "என்ன விசயம்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்கிறார்களா? பெண் வைத்தியர் எந்த நாட்களில்? தமிழில் கதைக்க ஆள் உண்டா? போயா (பௌர்ணமி) விடுமுறையில் யார் இருப்பார்? எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். கர்ப்பத்தைத் தடுக்கும் அவசர மாத்திரைக்கு 120 மணித்தியாலம், அதுவும் முந்த முந்த நல்லது. இவை இரண்டும் இன்று அங்கே கையிருப்பில் உள்ளனவா என்று கேளுங்கள். இலங்கையில் என்றால் 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்தை முகாமுக்குள் நின்றே அழைத்துப் பாருங்கள். யாராவது எடுக்கிறார்களா, எந்த மொழியில் பேசுகிறார்கள் என்று அப்போது தெரியும்.

இந்த விவரங்களைச் சின்னத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுக்கலாம். ஆனால் அதில் வன்முறை என்ற சொல் வேண்டாம். தடுப்பூசி நாள், பிறப்புச் சான்றிதழ் பதிவு, நிவாரண அட்டைக்குப் போக வேண்டிய இடம் எல்லாவற்றுக்கும் நடுவில் உதவி இலக்கத்தையும் போடுங்கள். கணவன் எடுத்துப் பார்த்தாலும் அது வெறும் தகவல் தாள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள், வாயால் சொல்லுங்கள்.

ஆய்வின் பெயரும் அப்படித்தான். வெளியே "பெண்களின் சுகாதாரமும் முகாம் வாழ்க்கையும்" என்று சொல்லுங்கள். பதில் சொல்லப்போகும் பெண்ணிடம், தனியே இருக்கும்போது, முழு உண்மையையும் சொல்லுங்கள். ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும் கேளுங்கள். இரண்டு பேரிடம் கேட்டால் ஒருவர் சொன்னதை மற்றவர் ஊகித்துவிடுவார்.

இதை நான் பிழை விட்டுத்தான் படித்தேன். ஒரு தறப்பாள் கொட்டிலுக்குள் ஓர் இளம் பெண்ணோடு மெதுவான குரலில் கதைத்துக்கொண்டிருந்தேன். தறப்பாள் ஒரு சுவர் இல்லை. அது அப்போது என் மூளைக்கு எட்டவில்லை. மாமியார் மறுபக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அடுத்த நாள் போனபோது அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவரின் கன்னம் வீங்கியிருந்தது. என்ன நடந்தது என்று நான் கேட்கவும் இல்லை, கேட்கும் உரிமையும் எனக்கு இல்லை. இன்றும் அந்தக் கன்னம் எனக்கு நினைவிருக்கிறது.

அதனால் இருவராகப் போங்கள். ஒருவர் கேட்கும்போது மற்றவர் மாமியாரிடமோ கணவரிடமோ தண்ணீர், உலர் உணவு பற்றிய வேறு தாளை வைத்துக்கொண்டு கதைக்கட்டும், அது நீளமான தாளாக இருக்கட்டும். யாராவது கிட்ட வந்தால் மாறிக்கொள்ள நான்கைந்து கேள்விகள் தயாராக இருக்க வேண்டும்: பிள்ளைக்கு வயிற்றோட்டமா, பால்மா கிடைத்ததா. இந்த மாற்றத்தைப் பற்றிப் பெண்ணிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

"உங்களுக்கு வன்முறை நடந்ததா?" என்று கேட்காதீர்கள். எங்கள் ஊரில் "அவர் குடிச்சாத்தான் அடிப்பார், மத்தப்படி நல்ல மனுசன்" என்று சொல்லும் பெண் அந்தக் கேள்விக்கு இல்லை என்றே பதில் சொல்வார். அறைந்தாரா, தள்ளிவிட்டாரா, காசைப் பறித்தாரா, வெளியே போக விடாமல் தடுத்தாரா என்று செயலைச் சொல்லிக் கேளுங்கள். குழுவாக இருக்கும்போது சொந்தக் கதையைக் கேட்கவே வேண்டாம். "இந்த முகாமில் இருக்கிற பெண் பிள்ளைகளுக்கு" என்று பொதுவாகக் கேளுங்கள். யாராவது தன் கதையைத் தொடங்கினால், மெதுவாக நிறுத்தி, பிறகு தனியே கதைப்போம் என்று சொல்லுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த முறை மணலில் படம் போடுவது. பெண்கள் ஒரு குச்சியால் முகாமைக் கீறுவார்கள். கிணறு, மலசலகூடம், நிவாரண வரிசை, விறகு எடுக்கும் பற்றை. பயமான இடத்தில் ஒரு சிப்பியை வைக்கச் சொல்லுங்கள். பிறகு "இரவில்?" என்று கேளுங்கள். சிப்பிகள் இடம் மாறும். ஒருவரும் தன்னைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லத் தேவையில்லை. படத்தைத் தாளில் பிரதி எடுத்துவிட்டு மணலை அழித்துவிட்டு எழும்புங்கள்.

அடியும் பாலியல் வன்முறையும் மட்டும் உங்கள் தாளில் இருந்தால் பாதிக்கு மேல் தவறிவிடும். 2005-இல் எங்கள் தாள் அப்படித்தான் இருந்தது. மட்டக்களப்பில் வழிவழியாக வீடு பெண்ணுடையது. கலியாணத்தின்போது தாய் வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுப்பார், மருமகன்தான் அந்த வீட்டுக்கு வருவார். சுனாமிக்குப் பின் வந்த புதிய வீடுகள் "குடும்பத் தலைவர்" பெயரில் எழுதப்பட்டன, அதாவது பெரும்பாலும் கணவன் பெயரில். தலைமுறையாகத் தன் காணியில் தன் வீட்டில் இருந்த பெண், ஓர் அலைக்கும் ஒரு படிவத்துக்கும் பிறகு, கணவன் பொறு என்றால் பொறுத்து இருக்க வேண்டியவராகிவிட்டார். மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகையும் குடும்பத்துக்கு ஒன்று. அது சாராயத்துக்குப் போனது என்று எத்தனை பெண்கள் சொன்னார்கள்! வளங்களை மறுப்பதும் வன்முறைதான். வன்முறைச் சம்பவங்களைப் பதிய உலகெங்கும் பயன்படும் தகவல் முறையில் உள்ள ஆறு வகைகளில் அதுவும் ஒன்று. வீட்டு உறுதிப் பத்திரம் யார் பெயரில், வங்கிப் புத்தகம் யாரிடம் என்ற இரண்டு கேள்விகளைக் கட்டாயம் சேருங்கள்.

ஒப்புதல் வாங்குவது முகாமில் மிகவும் கடினம். உங்கள் கையில் பேனையும் தாளும் இருக்கின்றன, அப்படி வருபவர் பெயர் எழுதினால் ஏதாவது கிடைக்கும் என்பது அவருடைய அனுபவம். "இதற்குப் பதில் சொன்னால் வீடோ அரிசியோ வராது, சொல்லாவிட்டால் வருவது நிற்காது" என்று இதே சொற்களில் சொல்லுங்கள். தொடக்கத்தில் ஒரு தரம், கடினமான பகுதிக்கு முன் இன்னொரு தரம் கேளுங்கள். கையெழுத்து வேண்டாம், வாய்ச்சொல் போதும். சிறுவர்களிடம், அதற்கென்றே பயின்றவர் உங்கள் குழுவில் இல்லாவிட்டால், கேட்காதீர்கள்.

பெயரை எழுதாவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். 200 குடும்பங்கள் இருக்கும் முகாமில் "கணவனை இழந்த, மூன்று பிள்ளைகள் உள்ள தையல்காரப் பெண்" என்பதே ஒரு பெயர்தான். ஊர், தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை மூன்றும் ஒரே வரியில் வரக்கூடாது. கைத்தொலைபேசியில் படம், குரல் பதிவு, வாட்ஸ்அப் எதுவும் வேண்டாம்.

சில இடங்களில் கேட்காமல் இருப்பதுதான் சரி. 2009-இல் வவுனியா மெனிக் பாம் முகாம்களில் இலட்சக்கணக்கானோர் முட்கம்பி வேலிக்குள், இராணுவக் காவலில் இருந்தார்கள். அப்போது ஓர் ஆய்வுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. யாரைப் பற்றி அந்தப் பெண் முறையிட வேண்டியிருக்குமோ அவரே வாசலில் நின்று என் பையைத் திறந்து பார்க்கும் இடத்தில், நான் எழுதும் ஒவ்வொரு வரியும் அந்தப் பெண்ணுக்கு ஆபத்து.

குழுவைப் பற்றி இரண்டு விடயம். பெண்களின் மொழியும் மதமும் தெரிந்தவர்கள் வேண்டும். மட்டக்களப்பில் முஸ்லிம் கிராமங்களுக்கு முஸ்லிம் பெண்களே போகட்டும். ஆனால் தெரிந்தவரின் வீட்டுக்கு யாரையும் அனுப்பாதீர்கள். மற்றது, உங்கள் குழுவில் இருப்பவர்களும் பெண்கள். இலங்கையின் 2019 தேசிய ஆய்வின்படி ஐந்தில் ஒரு பெண் துணையிடம் உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்திருக்கிறார். ஆறு பேர் கொண்ட குழுவில் ஒருவருக்காவது அது சொந்தக் கதையாக இருக்கலாம். நாளுக்கு நான்கு பேருக்கு மேல் கேட்க விடாதீர்கள். பின்னேரம் பிளேன்டீயோடு எல்லோரும் உட்காருங்கள், உளவளத்துணையாளர் ஒருவரும் கிழமைக்கு ஒருமுறை வரட்டும்.

அறிக்கை கொழும்புக்குப் போகும் முன் முகாமுக்குத் திரும்பிப் போங்கள். பெயரோ கதையோ இல்லாமல், கண்டதை மட்டும் அந்தப் பெண்களிடம் காட்டுங்கள். சில வருடம் கழித்து வேறொரு முகாமில் நாங்கள் அப்படிச் செய்தோம். எங்கள் வரைபடத்தை விரித்து, விளக்குக் கம்பம் போட வேண்டிய இடம் இது என்று பெருமையோடு காட்டினேன். பின்னால் நின்ற ஒருவர் குனிந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "அங்க இல்லகா. அங்க வெளிச்சம் போட்டா அவனுகள் கிணத்தடிக்கு வந்துடுவானுகள். கிணத்தடியில போடுங்க." வரைபடத்தை அங்கேயே அழித்துக் கீறினோம்.