மதிப்பெண்ணை மறைத்துவிட்டுப் படியுங்கள்

ஆண்டு மதிப்பீடு ஏமாற்றமாக வந்து, துறையையே மாற்றிவிடலாமா என்று தோன்றினால், முதலில் அறிக்கையில் உள்ள மதிப்பெண்ணை மறைத்துவிட்டுக் குறைகளை மட்டும் படியுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும், 'இதே வேலையை வேறு நிறுவனத்தில் செய்தாலும் இந்தக் குறை வருமா?' என்று கேட்டு, ஆம் அல்லது இல்லை என எழுதுங்கள். 'கூட்டங்களில் வாய் திறப்பதில்லை' என்பது பெரும்பாலும் இடத்தைப் பொறுத்தது. 'கணக்கைச் சரிபார்க்காமல் அனுப்புகிறார்' என்பது எங்கே போனாலும் கூடவே வரும். 'இல்லை' அதிகமென்றால் மாற வேண்டியது நிறுவனம் அல்லது குழு, துறை அல்ல. 'ஆம்' என்று எழுதியவற்றில், திருத்திக்கொள்ள உங்களுக்கே ஆசையில்லாதவை மிகுந்தால் மட்டும் துறை மாற்றத்தை யோசியுங்கள்.

மதிப்பெண் பல இடங்களில் உழைப்பை மட்டும் அளப்பதில்லை. ஜாக் வெல்ச் தலைவராக இருந்த காலத்தில் ஜெனரல் எலக்ட்ரிக் என்ற அமெரிக்க நிறுவனம் ஊழியர்களை முதல் 20, நடு 70, கடைசி 10 சதவீதம் என்று பிரித்தது. இத்தகைய முறையில் எல்லோரும் நன்றாக உழைத்தாலும் யாராவது கடைசி 10 சதவீதத்தில் விழுந்தே ஆக வேண்டும். போதாக்குறைக்கு, மேலாளர் நினைவில் நிற்பது பெரும்பாலும் கடைசிச் சில மாதங்கள்தான்.

'இன்னும் முனைப்பு தேவை' போன்ற வழவழா வாக்கியங்கள் மட்டுமே அறிக்கையில் இருந்தால் இந்தக் கேள்விப் பயிற்சி பயன்படாது. மேலாளரிடம் ஓர் உதாரணமாவது கேட்டு வாங்கிய பிறகு உட்காருங்கள். 'இதற்குள் முன்னேறாவிட்டால் வேலை போகலாம்' என்று கெடு வைத்த மேம்பாட்டுத் திட்டத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள் என்றாலும் இதற்கு நேரமில்லை. அப்போது வேறு வேலை தேடுவதுதான் முதல் வேலை.